லாவ்ரா: சந்து பெருமடமான கதை

லாவ்ரா என்பது ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் முதன்மை வாய்ந்த சில ஆண்துறவியர் மடங்களுக்கு மட்டும் உரிய சிறப்புப் பெயர். உக்ரைனியத் தலைநகரான கீவில் தினீப்பர் ஆற்றின் வலக்கரை மேட்டில் நிற்கும் பெச்செர்ஸ்க் லாவ்ராவே இவற்றுள் பரவலாக அறியப்பட்டது.

இச்சொல்லின் மூலம் கிரேக்கம். பழைய கிரேக்கத்தில் 'லௌரா' என்றால் சந்து, இடுக்கு வழி. பிற்காலக் கிரேக்க ஒலிப்பில் ஔகாரம் 'அவ்' எனத் திரிந்ததால் ஸ்லாவிய மொழிகளுக்கு அது 'லாவ்ரா' என்றே போய்ச் சேர்ந்தது. நான்காம் நூற்றாண்டு முதல் யூதேயப் பாலைநிலத்தில் தனித்தனிக் குகைகளிலும் குடில்களிலும் வாழ்ந்த துறவியர், அவற்றை இணைத்த பாதையின் பெயராலேயே தம் குடியிருப்பையும் அழைத்தனர். வார நாள்களில் ஒவ்வொருவரும் தத்தம் குகையில் நோன்பிருந்து, ஈச்ச ஓலையில் கூடை முடைந்து, சனி மாலை பொதுக் கோயிலில் கூடி, ஞாயிறு வழிபாடு முடிந்ததும் அடுத்த வாரத்துக்கான அப்பத்தோடும் ஓலையோடும் திரும்புவர். கெதரோன் பள்ளத்தாக்கில் புனித சாபா 483இல் தொடங்கிய லாவ்ரா இவ்வகைக்குத் தக்க சான்று. ஒரே கூரையின் கீழ் ஒரே பந்தியில் உண்டு வாழும் கூட்டு மடத்துக்கு அன்று இப்பெயர் இல்லை.

கீவில் கதை மாறுகிறது. பெரெஸ்தோவோ ஊர்க் குருவான இலாரியோன் தனித்திருந்து செபிக்க மலைச்சரிவில் இரண்டு பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழத்தில் சிறு குகை ஒன்றைத் தோண்டினார் என்றும், 1051இல் அவர் கீவின் பேராயரானபின் கிரேக்கத் துறவியர் வாழும் ஆத்தோஸ் மலையிலிருந்து திரும்பிய துறவி அந்தோனி அக்குகையில் குடியேறினார் என்றும் பழைய குறிப்பேடு கூறுகிறது. ஸ்லாவிய மொழியில் குகை 'பெச்செரா'. பெச்செர்ஸ்க் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஆனால் அந்தோனியின் சீடர் தியோடோசியஸ், கான்ஸ்தாந்திநோபிளின் ஸ்தூதியோஸ் மடத்து ஒழுங்கை வரவழைத்து, பொதுப் பந்தி, பொது உடைமை, பொது வேலை என்று மடத்தை மாற்றியமைத்தார். ஆக, பாலைநிலப் பொருளில் பார்த்தால் இம்மடம் தன் முதல் தலைமுறையிலேயே லாவ்ராவாக இருப்பதை விட்டுவிட்டது. துறவியர் மேலே கட்டிய அறைகளுக்கு ஏறிவிட, குகைகள் பெரும்பாலும் கல்லறைகளாயின. இன்றும் கையில் மெழுகுத்திரியோடு, கண்ணாடி மூடிய பேழைகளுக்கு இடையே, ஆள் ஒதுங்கி வழிவிட வேண்டிய அந்த நிலத்தடி இடுக்குகளில் நடப்பவர் 'லௌரா'வின் முதற்பொருளைத்தான் மிதித்துச் செல்கிறார், அறியாமலே.

எனவே கீவில் இப்பெயர் வாழ்முறையைக் குறிக்கவில்லை, தகுதியைக் குறித்தது. 1159இல் இளவரசர் ஆந்திரேய் பொகோலியூப்ஸ்கி லாவ்ரா என்ற பட்டத்தை அளித்ததாகக் காட்டப்படும் பட்டயத்தைப் பிற்காலப் போலி என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். தன்னுரிமைக்காக மடங்கள் இப்படிப் பழைய பட்டயம் 'கண்டெடுப்பது' எல்லா நாட்டிலும் உள்ளதுதான். 1688இல் மடம் மாஸ்கோ திருச்சபைத் தலைவரான மறைமுதுவரின் நேரடி ஆளுகைக்குள் போனது. அதன்பின் உருசியப் பேரரசில் இது மேலிருந்து வழங்கும் விருதாகவே ஆகி, 1744இல் செர்கியேவின் மூவொரு கடவுள் மடத்துக்கும், 1797இல் பீட்டர்ஸ்பர்க்கின் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடத்துக்கும், 1833இல் பொச்சாயிவ் மடத்துக்கும் கிடைத்தது.

மடமோ அழிந்தழிந்து எழுந்தது. 1096இல் குமானியர், 1240இல் மங்கோலியர், 1482இல் கிரிமியாவின் மெங்லி கிராய் எனச் சூறையாடியோர் பலர். 1718இன் தீ நூலகத்தையும் ஆவணங்களையும் தின்றது. இடையே 1610களில் இங்கு நிறுவப்பட்ட அச்சகம் உக்ரைனிய நூல் வரலாற்றில் பெரும் நிகழ்வு. 1926இல் சோவியத் அரசு வளாகத்தை அருங்காட்சியகமாக்கியது. சில ஆண்டுகளில் துறவியரே இல்லாமற் போயினர். 1941 நவம்பர் 3 அன்று, செருமானியர் பிடியில் நகரம் இருந்தபோது, பதினோராம் நூற்றாண்டின் மரியன்னை துயில் பேராலயம் வெடித்துச் சிதறியது. வெடியை வைத்தது யார் என்பதில் இன்றும் வழக்கு உண்டு. போரின்போது திரும்பிய துறவியர் 1961இல் மீண்டும் வெளியேற்றப்பட்டு, 1988இல் மறுபடி வந்தனர். பேராலயம் 2000இல் புதிதாக எழுந்தது. 2023இல் மாஸ்கோ திருச்சபைச் சார்பு குறித்த சர்ச்சையில் துறவியரை வளாகத்தை விட்டு வெளியேறுமாறு அரசு கேட்டது. அதே ஆண்டு யுனெஸ்கோ இவ்விடத்தை ஆபத்திலுள்ள உலக மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது. துறவியர் இல்லாத காலத்திலும் மக்கள் வாயில் இது லாவ்ராதான்.

தமிழில் 'மடம்' என்று மட்டும் எழுதினால் பொருள் குறைபடாது, ஆனால் தகுதி மறைந்துவிடும். 'ஆதீனம்' என்பதில் கிளை மடங்களும் நிலபுலன்களும் கூடவே வந்துவிடுவதால் அது பொருந்தாது. சமண முனிவர் தங்கிய குகைகளைத் தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டுகள் 'பளி', அதாவது பள்ளி, என்கின்றன. பாலைநிலத்துப் பழைய லாவ்ராக்களுக்குக் 'குகைப்பள்ளி' அழகாக அமையும், பள்ளி என்றதும் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருவதுதான் தடை. பட்டப் பொருளுக்குப் 'பெருமடம்' என்பதே என் தேர்வு: கீவ் குகைப் பெருமடம். மூலச்சொல்லை வைத்துக்கொள்ள விரும்புவோர் 'பெச்செர்ஸ்க் லாவ்ரா' என்று நிறுத்தினால் போதும்; 'லாவ்ரா மடம்' என்பது 'நடுசென்டர்' போலக் கூறியது கூறல்.