தப்பு கம்மியா ரிப்போர்ட் ஆகுற டீம் நல்ல டீம் தானா?

1990கள்ல எமி எட்மண்ட்சன், அப்போ ஹார்வர்ட்ல பிஎச்டி பண்ணிட்டு இருந்தவங்க, ஆஸ்பத்திரிகள்ல மருந்து கொடுக்குறப்ப நடக்குற தப்புகளைப் பத்தின ஒரு பெரிய ஆய்வுல சேர்ந்தாங்க. அவங்க பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான், எந்த வார்டுல எல்லாரும் ஒத்துமையா நல்லா வேலை பாக்குறாங்களோ அங்க தப்பு கம்மியா நடக்குதா? இதுல என்ன சந்தேகம், கம்மியா தான் நடக்கும்னு நாமளும் சொல்லிடுவோம். ஆனா கணக்கு போட்டா தலைகீழா வந்துச்சு, நல்ல டீம்னு தெரிஞ்ச வார்டுகள்ல தான் தப்பு அதிகமா பதிவாகி இருந்துச்சு.

ரொம்ப யோசிச்சு அவங்க கண்டுபிடிச்சது இது தான்: நடந்த தப்பு வேற, வெளிய சொன்ன தப்பு வேற. நல்ல வார்டுல தப்பு அதிகமா நடக்கல, அங்க நர்ஸ் பயப்படாம "நான் தவறான டோஸ் கொடுத்துட்டேன்"னு சொல்ல முடிஞ்சது, அதனால அது கணக்குல ஏறுச்சு. இன்னொரு வார்டுல அதே தப்பு நடந்து, மூடி மறைச்சு, பேப்பர்ல எல்லாம் சுத்தமா இருந்துச்சு. இத உறுதி பண்றதுக்கு, இந்த ரிசல்ட் எதுவும் தெரியாத ஒருத்தர அந்த வார்டுகளுக்கு அனுப்பி பேசிப் பாக்கச் சொன்னாங்க, அவரும் வார்டுக்கு வார்டு இந்த வெளிப்படைத்தன்மை எவ்வளவு மாறுதுன்னு தனியா பாத்து சொன்னார்.

எனக்கு இது வெறும் ஆஸ்பத்திரி விஷயமா தெரியல. ஆபீஸ்ல மனுஷங்க ஏன் இப்படி நடந்துக்கறாங்கன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல கதவு இல்லைன்னு தான் நினைக்கிறேன். மீட்டிங்ல யாரும் பேசலன்னா உடனே "இவங்களுக்கு தைரியம் இல்ல", "இந்த ஆளுக்கு வேலைல அக்கறை இல்ல"ன்னு ஆள் மேல போட்டுடறோம். அதே ஆள வேற டீம்ல போட்டா அங்க வாய் ஓயாம கேள்வி கேப்பார், ஆள் மாறலயே, இடம் தானே மாறுச்சு.

ஒருத்தர் வாய திறக்கறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும், பாதி நேரம் அவருக்கே தெரியாம. "இந்த பிளான் சரியா வராது"ன்னு சொன்னா என்ன ஆகும்? மேனேஜர் முகம் மாறும், அது இப்பவே நடக்கும், நிச்சயமா நடக்கும், எனக்கு மட்டும் நடக்கும். சொன்னதால வர்ற நன்மையோ ஆறு மாசம் கழிச்சு வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் மொத்த கம்பெனிக்கும் பங்கு போட்டு தான் வரும், என் பேர் அதுல இருக்காது. பேசாம இருந்ததுக்காக யாரையும் யாரும் அப்ரைசல்ல கேட்டதும் இல்ல. இப்படி கணக்கு போட்டா "நமக்கேன் வம்பு"ன்னு இருக்கறது கோழைத்தனம்னு என்னால சொல்ல முடியல, அந்த இடத்துல அது தான் புத்திசாலித்தனமான முடிவு, பிரச்சனையே அது தான்.

நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல ஒரு பெரிய டேட்டா மாத்தற வேலை இருந்துச்சு, ஏதாவது சொதப்பினா பழைய நிலைமைக்கு திரும்பிப் போற வழிய யாருமே டெஸ்ட் பண்ணல. எனக்கு தெரியும். மீட்டிங்ல ஒன்பது பேர், "எல்லாருக்கும் ஓகே தானே"ன்னு கேட்டாங்க, எல்லாரும் தலையாட்டினோம். ரெண்டு ராத்திரி தூங்காம சரி பண்ணினதுக்கு அப்புறம் பேசினப்ப தான் தெரிஞ்சது, எங்கள்ல நாலு பேருக்கு அது முன்னாடியே தெரியும், ஒவ்வொருத்தரும் "மத்தவங்க அமைதியா இருக்காங்களே, அப்போ சரியா தான் இருக்கும்"னு நினைச்சிருக்கோம். என் அமைதிய அவங்க சம்மதமா எடுத்துக்கிட்டாங்க, அவங்க அமைதிய நான் சம்மதமா எடுத்துக்கிட்டேன். சமூக உளவியல்ல 1930கள்ல இருந்தே இதைப் பத்தி எழுதறாங்க. ஒவ்வொருத்தருக்கும் உள்ளுக்குள்ள சந்தேகம், ஆனா சந்தேகம் தனக்கு மட்டும் தான்னு நினைப்பு.

ஊரோட ஒத்துப் போற இந்த இழுப்பு எவ்வளவு பலமானதுன்னு சாலமன் ஆஷ்ங்கற உளவியலாளர் 1950கள்ல அளந்து காட்டினார். ஒரு கோடு காட்டி, பக்கத்துல இருக்குற மூணு கோட்டுல எது அதே நீளம்னு கேட்டார், சின்னப் பிள்ளை கூட சொல்லிடும், தனியா கேட்டா நூத்துல ஒண்ணு கூட தப்பாகாது. ஆனா அறைல இருந்த மத்த எல்லாரும் ஆஷோட ஆளுங்க, அவங்க முன்கூட்டியே பேசி வச்சு ஒரே தப்பான பதில சொன்னாங்க. அப்போ நிஜமா கலந்துக்கிட்டவங்க சொன்ன பதில்கள்ல சுமார் 37% கூட்டத்தோட சேர்ந்து தப்பாச்சு. இது வரைக்கும் நிறைய பேருக்கு தெரியும். எனக்கு முக்கியமா படறது இதுக்கு அடுத்து அவர் செஞ்சது: கூட்டத்துல ஒரே ஒருத்தர மட்டும் சரியான பதில் சொல்ல வச்சார், உடனே அந்த தப்பு கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கா இறங்கிடுச்சு. ஒரே ஒரு துணை போதும். ஆபீஸ்ல முதல்ல வாய திறக்கற ஆளோட மதிப்பு இங்க தான் இருக்கு, அவர் சொல்ற கருத்து சரியோ தப்போ, அடுத்தவங்களுக்கு பேச வழி திறக்குது.

மேலதிகாரிங்க மேல இருக்குற பயம் மட்டும் தான் வாய கட்டுதுன்னு நினைச்சா அது பாதி தான், கூட வேலை பாக்குறவங்களும் கட்டுவாங்க. சிகாகோ பக்கத்துல வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியோட ஹாத்தார்ன் தொழிற்சாலைல 1924ல இருந்து பல ஆய்வு நடந்துச்சு. வெளிச்சத்த கூட்டினாலும் வேலை கூடுச்சு, குறைச்சாலும் கூடுச்சு, யாரோ கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சாலே ஆளுங்க நல்லா உழைப்பாங்கங்கற கதை அங்க இருந்து வந்தது தான், ஆனா 2011ல பழைய டேட்டாவ எடுத்து திரும்பக் கணக்கு போட்டப்ப அது சொல்றவங்க சொல்ற அளவுக்கு பலமா இல்லன்னு தெரிஞ்சது. அதே இடத்துல 1931-32ல நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு அதைவிட பெருசா தெரியுது. டெலிபோன் சுவிட்சுகளுக்கு வயர் போடற 14 ஆம்பளைங்கள ஒரே அறைல வச்சு பல மாசம் கவனிச்சாங்க. குழுவா அதிகமா செஞ்சா எல்லாருக்கும் சம்பளம் கூடும், அப்படி தான் ஏற்பாடு. இருந்தும் அவங்களுக்குள்ள ஒரு நாளைக்கு இவ்வளவு தான்னு பேசாமலே ஒரு எல்லை இருந்துச்சு, அதைத் தாண்டி வேகமா செய்யறவன் மேல்கையில குத்து விழும், மேலதிகாரிகிட்ட கூட இருக்குறவனைப் பத்தி சொல்றவனுக்கு அங்க மரியாதையே கிடையாது. அதிகமா செஞ்சு காட்டினா ரேட்ட குறைச்சுடுவாங்க, ஆளையும் குறைச்சுடுவாங்கன்னு அவங்களுக்கு பயம், காலமும் பொருளாதாரம் சரிஞ்ச காலம். வெளிய இருந்து பாத்தா சோம்பேறிங்க மாதிரி தெரியும், உள்ள போய் பாத்தா ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக்கற ஏற்பாடு.

அமைதியோட விலை ஆபீஸ்ல பெரும்பாலும் ரெண்டு ராத்திரி தூக்கத்தோட முடிஞ்சிடும், எல்லா இடத்துலயும் அப்படி முடியாது. 1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனெரீஃப் தீவு விமான நிலையம், கடும் மூடுபனி. நெதர்லாந்தோட கேஎல்எம் விமானம் ஓடுபாதைல கிளம்ப ஆரம்பிச்சுடுச்சு, அதே ஓடுபாதைல அமெரிக்காவோட பான் ஆம் விமானம் இன்னும் இருக்கு. கேஎல்எம் காக்பிட்ல ஃப்ளைட் இன்ஜினியர் "அந்த விமானம் இன்னும் விலகலயா"ன்னு கேட்டார், கேப்டன் "விலகிடுச்சு"ன்னு அழுத்தமா சொன்னார், அந்த கேப்டன் கம்பெனிலயே மத்த பைலட்டுகளுக்கு பயிற்சி கொடுக்குற பெரிய ஆள். அதுக்கு மேல யாரும் கேக்கல. 583 பேர் செத்தாங்க. மூடுபனி, ரேடியோ குழப்பம்னு வேற காரணங்களும் உண்டு, ஆனா சந்தேகம் வந்தவர் அத ஒரு கேள்வியா மெதுவா கேட்டு நிறுத்திக்க வேண்டி வந்துச்சு பாருங்க, அத நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கனமாகுது.

விமானத் துறை இதுக்கு "தைரியமா இருங்க"ன்னு போஸ்டர் ஒட்டிட்டு விடல. 1979ல நாசா ஒரு பயிலரங்கு நடத்துச்சு, 1981ல யுனைடெட் ஏர்லைன்ஸ் பயிற்சியா ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் மத்த கம்பெனிகளும். கீழ இருக்குறவர் எந்த வார்த்தைல எச்சரிக்கணும், கேப்டன் அத எப்படி வாங்கிக்கணும்னு ரெண்டு பக்கமும் பழக வச்சாங்க. எச்சரிக்கறது அவரோட வேலைன்னு ஆயிட்டா அது எதிர்த்துப் பேசறதா இருக்காது, கணக்கு அங்க மாறிடுது. டொயோட்டா தொழிற்சாலைல லைன்ல நிக்கற யாரும் ஒரு கயிற இழுக்கலாம், இழுத்தா டீம் லீடர் உதவிக்கு ஓடி வருவார், குறிப்பிட்ட இடத்துக்குள்ள சரியாகலன்னா லைனே நிக்கும். அங்கயும் அதே தான், இழுத்தவனுக்கு முதல்ல கிடைக்கறது உதவி.

இப்ப நான் இருக்குற டீம்ல லீட் ஒரு வழக்கம் வச்சிருக்காங்க, கேரி க்ளைன்ங்கற உளவியலாளர் சொன்ன முறை அது. எந்த பிளானா இருந்தாலும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி "இது ஏற்கனவே தோத்துப் போச்சுன்னு வச்சுக்குங்க, ஏன் தோத்துச்சுன்னு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் எழுதுங்க"ன்னு சொல்வாங்க, அப்புறம் புதுசா சேர்ந்தவங்கள்ல இருந்து ஆரம்பிச்சு படிக்கச் சொல்வாங்க, லீட் தன்னோட கருத்த கடைசில தான் சொல்வாங்க. முதல் தடவை இத செஞ்சப்ப, டீம்ல சேர்ந்து மூணு வாரமே ஆன ஒரு தம்பி தயங்கித் தயங்கி, பழசுக்கு திரும்பிப் போறது எப்படின்னு டாக்குமெண்ட்ல எங்கயும் இல்லையேன்னு படிச்சார். லீட் அத அப்படியே போர்டுல முதல் வரியா எழுதினாங்க, எழுதி முடிக்கறதுக்குள்ள இன்னும் மூணு பேர் "என் பேப்பர்லயும் அதே இருக்கு"ன்னு கைய தூக்கிட்டாங்க.