தோற்ற பிறகுதான் பிடி இறுகும்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் அதிர்ஷ்டலாபச் சீட்டு வாங்குகிறவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். முடிவு இரவில்தான் வரும். விழவில்லை என்றால் சலித்துக்கொண்டு படுத்துவிடுவார். இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் விடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதே மனிதரின் போனில் ஐபிஎல் ஆட்டமும் பந்தயச் செயலியும் சேர்ந்து ஓடினால் கதை வேறு. அடுத்த ஓவரில் எத்தனை ஓட்டம், அடுத்த விக்கெட் எப்படி விழும் என்று ஆட்டம் நடக்கும்போதே காசு கட்டலாம். முடிவு ஓரிரு நிமிடத்தில் வந்துவிடும். வந்த கையோடு அடுத்ததைக் கட்டலாம். இருபது ஓவர் ஆட்டம் ஒன்றில் இரண்டு அணிக்குமாக 240 பந்துகள். ஆட்டம் முடிந்தாலும் செயலி முடிவதில்லை. ஏறி ஏறிப் போய்த் திடீரென்று மறையும் விமானம், சுழலும் சக்கரம், இரவு இரண்டு மணிக்கு ஏதோவொரு தூர நாட்டின் உதைபந்தாட்டம் என்று ஏதாவது ஒன்று காத்துக்கொண்டே இருக்கும்.

இந்த வேகத்தில்தான் ஆபத்தின் வேர் இருக்கிறது. சூதாட்டப் பாதிப்பை ஆராய்கிறவர்கள் பரிசுத் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. காசு கட்டியதிலிருந்து முடிவு தெரிய எவ்வளவு நேரம், முடிவு தெரிந்தபின் மறுபடி கட்ட எவ்வளவு நேரம் என்று பார்க்கிறார்கள். அந்த இடைவெளி சுருங்கச் சுருங்க, மனிதன் நின்று யோசிக்கும் நேரமும் சுருங்குகிறது.

ஏன் அப்படி? 1990களில் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில், நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்களின் துடிப்பை அளந்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது அந்தக் கலங்கள் வேகமாகத் துடித்தன. சாற்றுக்கு முன்னால் ஒரு சைகை வரும் என்று குரங்கு பழகியதும் துடிப்பு சைகைக்கு மாறியது. சாறு கிடைத்த நேரத்தில் கலங்கள் சும்மா இருந்தன. சைகை வந்தும் சாறு வராதபோது இருந்த துடிப்பும் அடங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தக் கலங்கள் கணக்கு வைக்கின்றன என்பது இதிலிருந்து தெரிந்தது. 2003இல் ஷூல்ட்ஸும் சகாக்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். சாறு வருவதும் வராததும் பாதிக்குப் பாதி என்றிருந்தபோது, சைகைக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட காத்திருப்பில் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. கட்டாயம் வரும் என்றாலும் கட்டாயம் வராது என்றாலும் அந்த ஏற்றம் இல்லை.

மனித மூளையிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. பந்து காற்றில் இருக்கும் அந்தச் சில நொடிகளைத்தான் பந்தயம் கட்டுகிறவர் காசு கொடுத்து வாங்குகிறார். வென்ற காசோடு எழும்பிப் போகாமல் அதையே திரும்பக் கட்டுவது ஏன் என்று வீட்டார் கேட்பார்கள். வெற்றி வந்ததும் காத்திருப்பு முடிந்துவிடுகிறது, அதை மீண்டும் பெற மறுபடி கட்டத்தான் வேண்டும்.

பார்க்கின்சன் நோய்க்கு டோபமின் போலச் செயற்படும் மாத்திரைகள் எடுத்தவர்களில் ஒரு சிலர், அதுவரை சூதாடியே அறியாதவர்கள், கட்டுக்கடங்காமல் சூதாடத் தொடங்கினார்கள். மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அந்த வெறி தணிந்தது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் எங்கள் ஊரில் ஒரு பெடியன் பந்தயத்தில் காசை விட்டால் கொழுப்பு என்பார்கள், தாய் வளர்த்த வளர்ப்பு என்பார்கள். நல்ல பிள்ளைகளும் விழுகிறார்கள். ஒரு சில மில்லிகிராம் மருந்து அறுபது வயதுப் பெரியவரின் குணத்தையே திருப்பிப்போடும் என்றால், குணத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

அடுத்தது, மயிரிழையில் தவறும் தோல்வி. “மச்சான், ஒரு ரன்னாலை போச்சடா” என்று சொல்கிறவரின் குரலில் கவலையோடு ஓர் உற்சாகமும் இருக்கும். லூக் கிளார்க் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சூதாட்டப் பொறி போன்ற விளையாட்டை ஆடியவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். பரிசுக்கு ஓர் இடம் தள்ளிச் சக்கரம் நின்றபோது, வெற்றியின்போது விழிக்கும் மூளைப் பகுதிகளில் சிலவும் விழித்தன. அந்தத் தோல்வி ஆடியவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசை கூடியது. பந்தெறியப் பழகும் பிள்ளைக்கு விக்கெட்டை உரசிப்போன பந்து உண்மையிலேயே ஒரு பாடம். அடுத்த பந்தைத் திருத்திப் போடலாம். தற்செயலாக நிற்கும் சக்கரத்தில் திருத்த எதுவுமே இல்லை. மூளைக்கு இந்த இரண்டும் பிரித்துத் தெரிவதில்லை.

பல ஆட்டங்களைக் கோத்துக் கட்டும் பந்தயம் இந்த வகைத் தோல்வியை வேண்டுமளவு உற்பத்தி செய்கிறது. சமபலமான அணிகள் மோதும் ஐந்து ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் விலை 1.90 (சரியாக வந்தால் கட்டிய ஒரு ரூபாவுக்கு 1.90 ரூபா கிடைக்கும்) என்று வைப்போம். ஐந்தும் சரியாக வந்தால் 1000 ரூபாவுக்கு ஏறத்தாழ 24,760 ரூபா வரும். கண்ணைப் பறிக்கும் தொகை. ஆனால் ஐந்தும் சரிவரும் வாய்ப்பு 32இல் ஒன்று. நியாயமாகத் தர வேண்டியது 32,000. தனி ஆட்டத்தில் 100க்கு 5 ரூபாவாக இருந்த கம்பனியின் பங்கு, ஐந்தைக் கோத்ததும் 100க்கு 22 ரூபாவைத் தாண்டிவிடுகிறது. நாலு சரியாக வந்து ஐந்தாவது பிழையாய்ப் போன இரவுகளைத்தான் கட்டியவர் ஞாபகத்தில் வைத்திருப்பார்.

நூற்றுக்கு ஐந்து என்பது சின்னத் தொகைபோலத் தெரியும். துலாவில் கட்டிய பட்டையில் சிறிய ஓட்டை இருந்தாலும் ஒரு இறைப்பில் பெரிதாக எதுவும் குறையாது. அதே தண்ணீரை வாய்க்காலில் விடாமல் ஓட்டைப் பட்டைக்குப் பட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் கடைசியில் என்ன மிஞ்சும்? விமான விளையாட்டு ஒன்று 97 வீதத்தைத் திருப்பித் தருவதாக விளம்பரம் செய்கிறது என்று வைப்போம். அது ஒரு சுற்றுக்கான கணக்கு. கையில் இருப்பதை முழுக்க முழுக்கச் சுழற்றினால் 100 சுற்றில் சராசரியாக 1000 ரூபாவில் 48 ரூபாதான் எஞ்சும். ஒரு சுற்று ஒரு நிமிடம்கூட எடுக்காத விளையாட்டில், 100 சுற்று என்பது ஒரு மாலைப்பொழுது.

போனசும் இதே கணக்குத்தான். “10,000 ரூபா இலவசம்” என்பதன் கீழே, அதை 30 மடங்கு பந்தயம் கட்டிய பிறகே எடுக்கலாம் என்று நிபந்தனை இருந்தால், 3 இலட்சத்துக்குப் பந்தயம் கட்ட வேண்டும். நூற்றுக்கு ஐந்து வீதம் போனால் சராசரி இழப்பு 15,000 ரூபா. இலவசம் தந்தவருக்கு 5,000 இலாபம்.

“நேற்றுச் சொன்னது சரியா வந்துது, முந்தநாளும் வந்துது” என்று நம்பவைக்கும் டெலிகிராம் குழுக்களையும் சொல்ல வேண்டும். 320 பேரில் பாதிப் பேருக்கு ஒரு அணி வெல்லும் என்றும் மறுபாதிக்கு மற்ற அணி வெல்லும் என்றும் அனுப்பி, கணிப்புப் பிழையாய்ப் போன பாதியை ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டால், ஐந்து ஆட்டத்துக்குப் பிறகு 10 பேர் மிஞ்சுவார்கள். அந்தப் பத்துப் பேர் தொடர்ந்து ஐந்து முறை சரியான கணிப்பைக் கண்ணால் கண்டவர்கள். கட்டணம் கேட்டால் அவர்கள் கொடுப்பார்கள்.

இரட்டிப்பாக்கும் உத்தியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 100 ரூபாவில் தொடங்கி, தோற்கும்போதெல்லாம் இரட்டித்தால் பத்துத் தோல்வியில் போனது 1,02,300. பதினோராவதுக்கு 1,02,400 வேண்டும், அதில் வென்றாலும் இலாபம் 100 ரூபா. பத்துத் தோல்வி தொடர்ந்து வராது என்று நினைப்பவர்களுக்கு: 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோ நாட்டின் மொன்டே கார்லோ சூதாட்ட விடுதியில், பந்து கறுப்பிலோ சிவப்பிலோ விழும் ரூலெட் சக்கரத்தில், கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். சக்கரத்துக்குப் பழைய கணக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் நடுவில் நான் முக்கியமாகக் கருதுவது, தோற்ற பிறகு நடப்பதை. “இண்டைக்கு விட்டதை இண்டைக்கே எடுத்துப்போட்டு நிப்பாட்டிடுவன்.” ஒருவர் எவ்வளவு கட்டுகிறார் என்பதைவிட இந்த ஒரு வாக்கியம் அதிகம் சொல்லும். வசதியுள்ளவர் 10,000 விட்டுவிட்டுத் தூங்கலாம். 500 ரூபா விட்டவர் அதைத் துரத்தி விடியும்வரை விழித்திருக்கலாம். ஆபத்து இரண்டாமவரிடம்தான் தொடங்குகிறது. துரத்தும்போது தொகை ஏறும், இடைவெளி குறையும், கடன் கேட்கும் வெட்கம் போகும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் இதை நோயாகப் பதிவுசெய்தது. 2013இல் மதுவும் போதைப்பொருளும் இருக்கும் அதே அத்தியாயத்துக்கு மாற்றியது. அதன் பட்டியலில் ஒன்பது அறிகுறிகள். ஒரு வருட காலத்தில் நாலு இருந்தாலே கோளாறு எனலாம். அதே உணர்ச்சிக்கு மேலும் மேலும் காசு தேவைப்படுதல், நிறுத்தினால் எரிச்சல், நிறுத்தப் பார்த்து முடியாமற்போதல், எந்நேரமும் அதே நினைப்பு, மனம் சோர்ந்தால் அதைத் தேடிப் போதல், இழந்ததைத் துரத்துதல், பொய், உறவோ வேலையோ படிப்போ ஆட்டங்காணுதல், கடனைத் தீர்க்க மற்றவர் கையை எதிர்பார்த்தல். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பெரும்பாலும் இணையத்தில் நடக்கும் சூதாட்டக் கோளாறைத் தனியாகவே குறிக்கிறது.

இவ்வளவும் வேண்டாம் என்றால் இரண்டே கேள்விகள் உள்ள ஒரு சோதனை உண்டு. மேலும் மேலும் அதிகமாகக் கட்டவேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடுகிறேன் என்று வேண்டியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வீட்டில் இது வேறு முகத்தோடு வரும். மதுவைப்போல வாசம் இல்லை, தள்ளாட்டம் இல்லை. “அம்மா, கோசுக்குக் காசு கட்டோணும்” என்ற பேச்சு அடிக்கடி வரும். அலுமாரியில் இருந்த சங்கிலி ஈடு வைக்கப்பட்டிருக்கும். சீட்டுக் காசு எடுத்த வாரமே கரைந்திருக்கும். போன் எப்போதும் குப்புறக் கிடக்கும்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாமல் எப்போதாவது கட்டுகிறவர் கட்டுப்பாட்டில் இருக்க வழி உண்டு. முடிவை ஆட்டம் தொடங்குமுன் எடுக்க வேண்டும். ஆட்டத்தில் சூடேறிய மூளையால் நிறுத்த முடியாது என்று தெரிந்தபின் அதனிடம் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை மாதத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, செயலியில் வைப்பு வரம்பு இருந்தால் அங்கேயே பூட்டிவிடலாம். வங்கி அட்டை விபரத்தைச் சேமிக்காமல் விடுங்கள். ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்ட வேண்டியிருந்தால் அந்த ஒரு நிமிடம் யோசிக்கக் கிடைக்கும். குடித்திருக்கும்போதும், மனம் நொந்திருக்கும்போதும், இரவு பதினொரு மணிக்கு மேலும் தொடவே கூடாது. ஆட்டம் நடக்கும்போது கட்டுவதை முழுதாக விட்டுவிடலாம். வேகத்தைக் குறைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வென்றதும் தோற்றதும் ஒரு கொப்பியில் திகதியோடு இருக்கட்டும். ஞாபகம் வெற்றிகளை மட்டும்தான் காக்கும்.

ஆனால் துரத்தலும் பொய்யும் தொடங்கிவிட்டவருக்கு இந்த வரம்புகள் போதா. அவர் முழுக்க நிறுத்த வேண்டும். கணக்கை நிரந்தரமாக மூடும்படி தளத்திடம் கேட்பது, போனில் தடுப்புச் செயலி போடுவது, சில மாதத்துக்குக் காசுப் பொறுப்பை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் பலன். லண்டனில் இருக்கும் உறவுகளுக்கு கேம்ஸ்டொப் என்ற பதிவு உண்டு. ஒருமுறை பதிந்தால் பிரித்தானிய உரிமம் உள்ள எல்லா இணையத் தளங்களும் அடைபடும். அங்கே 2020 ஏப்ரலிலிருந்து கடன் அட்டையால் சூதாடவும் தடை. இலங்கையில் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டம் 2025இல்தான் நிறைவேறியது.

சிகிச்சை இருக்கிறது. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்றாகப் பலன் தருகிறது. எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை போனுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து அந்த நேரத்தை மாற்றுவதும், “இனி எனக்கு வரும்” என்ற கணக்கை எடுத்துவைத்து உடைப்பதும் அதில் நடக்கும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய உளநல உதவி இலக்கம் 1926. கடனில் மூச்சுத் திணறும் சிலருக்கு உயிரை விடும் எண்ணம் வரும். சூதாட்டக் கோளாறு உள்ளவர்களில் அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் அண்ணன்மாருக்கும் ஒன்று. தம்பியின் கடனை ஒரேயடியாகத் தீர்த்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பீர்கள். கையில் வந்த பெருந்தொகை துரத்தலுக்குத்தான் எரிபொருளாகும். கடன் முழுவதையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஈட்டுக்கடைக்கும் கடன்காரருக்கும் நேரடியாக, பகுதி பகுதியாகக் கட்டுங்கள். முதற் தொகையை, அவர் கிளினிக்குக்கு முதல்முறை போய்வந்த பிறகு அனுப்புங்கள்.