இரண்டு மாதம் மட்டுமே தடுக்க முடிகிற அவை

ஸ்பெயினிலிருந்து பிரிய நடந்த கத்தலோனியப் பகுதியின் முயற்சியில் வழக்குகளில் சிக்கியவர்களுக்குப் பொதுமன்னிப்பு தரும் மசோதாவை ஸ்பெயினின் கீழவை 2024 மார்ச் 14 அன்று நிறைவேற்றியது. அடுத்து அது மேலவையான செனட்டுக்குப் போனது. அங்கே பெரும்பான்மை எதிர்க்கட்சியான மக்கள் கட்சியிடம். சரியாக இரண்டு மாதம் வைத்திருந்து, மே 14 அன்று செனட் அதை நிராகரித்தது. மே 30 அன்று கீழவை 177-172 என்று வாக்களித்து அதே மசோதாவை மீண்டும் நிறைவேற்றியது. செனட்டின் எதிர்ப்பு அதோடு முடிந்தது.

அந்த இரண்டு மாதம் அரசியலமைப்பே கொடுத்த கெடு. அவசர மசோதா என்றால் 20 நாள்தான். அதற்குள் செனட் திருத்தம் சொல்லலாம், அல்லது முழுப் பெரும்பான்மையோடு, அதாவது மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வாக்களித்து, மசோதாவையே மறுக்கலாம். திருத்தங்களைக் கீழவை சாதாரண பெரும்பான்மையில், அதாவது எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாக இருந்தாலே, ஏற்கலாம், தள்ளலாம். மறுப்பை உடனே முறியடிக்க 350 பேரில் 176 வாக்கு வேண்டும். அவ்வளவு கிடைக்காவிட்டால் இரண்டு மாதம் காத்திருந்தால் போதும். அப்புறம் சாதாரண பெரும்பான்மையே செல்லும். பொதுமன்னிப்புக்குக் கிடைத்தது தேவைக்கு ஒரே ஒரு வாக்கு கூடுதல்.

பிரதமரைத் தேர்ந்தெடுப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் கீழவைதான். அதனால் கடைசிச் சொல் அங்கே இருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. எனக்கு உறுத்துவது வேறு. அரசியலமைப்பின் 69-ஆம் பிரிவு செனட்டைப் பிராந்தியங்களின் அவை என்கிறது. ஆனால் அதில் 208 பேர் நேரடித் தேர்தலில் மாகாணவாரியாக வருகிறார்கள். ஒரு லட்சம் பேர்கூட இல்லாத சோரியாவுக்கு நான்கு பேர். அறுபது லட்சத்தைத் தாண்டிய மாட்ரிட்டுக்கும் அதே நான்கு பேர். தன்னாட்சிப் பகுதிகள் எனப்படும் 17 பிராந்தியங்களின் சட்டமன்றங்கள் அனுப்புவது ஐம்பத்துச் சொச்சம் பேரைத்தான். வாக்களிக்கும்போது எல்லோரும் கட்சி சொன்னபடிதான். ஒரு பகுதியின் குரல் தனியாகக் கேட்க வழியே இல்லை. மறுப்பு அதிகாரத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் குறை தீராது.

சரி, செனட் மட்டுமே முடிவெடுக்கிற இடம் ஒன்றும் உண்டு. கடமை தவறும் தன்னாட்சிப் பகுதியின் மேல் மத்திய அரசு நடவடிக்கை எடுக்க 155-ஆம் பிரிவு இடம் தருகிறது; அதற்குச் செனட்டின் முழுப் பெரும்பான்மை வேண்டும். 2017 அக்டோபர் 27 அன்று கத்தலோனியாவின் மேல் அப்படி நடவடிக்கை எடுப்பதை 214 பேர் ஆதரித்தார்கள், 47 பேர் எதிர்த்தார்கள். அன்று மாலையே பிரதமர் ரஹோய் கத்தலோனிய அரசைப் பதவி நீக்கினார். கீழவையில் அதற்கு வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.