ஆய்வு முடிவு ஊராட்சித் தீர்மானத்தில் ஏற வேண்டுமானால்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது ஆய்வுலகத்துக்குப் புதிய செய்தியல்ல. ஆனால் தண்ணீர் மாதிரி எடுத்த ஊருக்கே அதன் முடிவு போய்ச் சேராமல் நின்றுவிடுவது இன்றும் நடக்கிறது. ஆய்வேடு நூலகத்துக்குப் போகிறது. பிள்ளைகள் அதே குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்கிறார்கள். இது மாற வேண்டும். மாற்றுவதற்குப் பெரிய ஒப்பந்தங்கள் தேவையில்லை. ஊராட்சி எப்படி முடிவெடுக்கிறது என்று ஆய்வாளர் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் காலம். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத் தயாரிப்பு அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தொடங்குகிறது. அடுத்த நிதியாண்டின் பணிகள் அந்த மாதங்களில்தான் பட்டியலாகும். கல்லூரி ஆய்வுகளோ ஏப்ரல், மே மாதங்களில் முடிகின்றன. அப்போது கொடுக்கும் அறிக்கைக்கு அந்த ஆண்டின் திட்டத்தில் இடமிருக்காது. கோடையில் மாதிரி எடுத்து, செப்டம்பர் தொடக்கத்தில் முடிவைக் கையில் கொடுப்பதே சரி.

அடுத்தது, எதை அளப்பது என்பது. அறிக்கையில் 'மாதிரி எண் 14' என்று எழுதினால் ஊராட்சி செயலருக்கு ஒன்றும் புரியாது. அவருக்கு அது 'மாரியம்மன் கோயில் போர்' (ஆழ்துளைக் கிணறு). அட்டவணையில் அந்தப் பெயரும், அந்த போர் எந்த மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகிறது, அந்தத் தொட்டி எந்தத் தெருக்களுக்குப் போகிறது என்பதும் இருக்க வேண்டும். இதைச் சொல்லக்கூடியவர் டேங்க் ஆபரேட்டர். எந்த மாதம் எந்த போர் வற்றும், எப்போது வேறு தண்ணீரோடு கலந்து ஏறும் என்பது அவருக்கு அத்துப்படி. அவரிடம் கேட்காமல் போரில் மட்டும் மாதிரி எடுத்தால், வீட்டுக் குழாயில் வருவது வேறு அளவாக இருக்கும். போர், குழாய் இரண்டிலும் எடுங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகு, கண்ணாடிப் புட்டியில் அல்லாமல் பிளாஸ்டிக் புட்டியில் பிடியுங்கள்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது, நீர் ஆவியாகி அளவு கூடவே செய்யும். இதை அறிக்கையிலேயே எழுத வேண்டும். பல வீடுகளில் இன்னும் காய்ச்சினால் சரியாகிவிடும் என்றே நினைக்கிறார்கள்.

பிரச்சினையோடு நிறுத்தாமல் செய்யக்கூடிய ஒரு வேலையையும் சொல்லுங்கள். உதாரணமாக, ஃப்ளூரைடு அளவு போரில் 2.4, காவிரியிலிருந்து வரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரில் 0.4 என்று வைத்துக்கொள்வோம். மூன்று பங்கு போர்த் தண்ணீருக்கு ஏழு பங்கு ஆற்றுத் தண்ணீர் கலந்தால் 1.0 வரும். 30,000 லிட்டர் தொட்டி என்றால் முதலில் 9,000 லிட்டர் போர்த் தண்ணீர், பிறகு 21,000 லிட்டர் கூட்டுக்குடிநீர். தொட்டியில் 9,000 லிட்டர் மட்டத்தில் பெயிண்டால் ஒரு கோடு, நிரம்பும்வரை வெளியேற்று வால்வு மூடியிருக்க வேண்டும் என்ற ஒரு விதி, மறுவாரம் குழாயில் மறுபரிசோதனை. இதற்குச் செலவே கிடையாது. புதிய குழாய் இணைப்பு தேவையென்றால் உதவிப் பொறியாளரிடம் தோராய மதிப்பீடு வாங்கி, எந்த நிதித் தலைப்பில் செய்யலாம் என்றும் குறிப்பிடுங்கள். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் (2021–26) 30 சதவீதம் குடிநீர் சார்ந்த பணிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. நிதித் தலைப்பு இல்லாத கோரிக்கை, தீர்மானப் புத்தகத்தில் 'அரசைக் கேட்டுக்கொள்வது' என்று முடிந்துவிடும்.

கிராம சபையில் திடீரென எழுந்து 'உங்கள் போர்த் தண்ணீர் விஷம்' என்று அறிவிப்பது மிகப் பெரிய தவறு. தலைவர் அவமானப்பட்டு எதிர்ப்பார், மக்கள் பயந்து கேன் தண்ணீருக்குப் போவார்கள், வாங்க முடியாதவர்கள் அந்தப் போர்த் தண்ணீரையே குடிப்பார்கள். இரண்டு வாரம் முன்பே தலைவர், செயலர் (தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர்) ஆகியோரிடம் தமிழில் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. ஆய்வுக் கட்டுரை வெளியாகும்வரை முடிவைத் தரக்கூடாது என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னால், மாதிரி எடுக்கும் முன்பே அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். குடிநீர் முடிவைக் குடிப்பவரிடம் மறைத்து வைக்க எந்த ஆய்வாளருக்கும் உரிமையில்லை.

தீர்மானம் நிறைவேறியதும் அதன் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, நகல் ஒன்று கேட்டு வாங்குங்கள். ஜனவரி 26 கிராம சபையில் அந்த எண்ணைச் சொல்லித்தான் பணி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க முடியும்.