ஸ்காட்லாந்தில் பரம்பரைப் பட்டம் கைமாறிப் போனதா? உரிமை கோரும் முன் கவனிக்க வேண்டியவை

பட்டம் வேறு கிளைக்குப் போய் மூன்று தலைமுறை ஆகிவிட்டது, இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள்கூட "காலம் கடந்துவிட்டது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இது தவறான பதில். உரிமை உள்ளவர்களை இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவது அநியாயம்.

ஸ்டிச்சில் என்ற ஊரின் பிரிங்கிள் குடும்பத்துக்கு 1683இல் கிடைத்த பாரோனெட் பட்டத்தை, அதாவது பெயருக்கு முன் 'சர்' என்று போட்டுக்கொள்ளும் பரம்பரைப் பட்டத்தைப் பாருங்கள். எட்டாவது பாரோனெட் 1919இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய மனைவி அளித்த உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் மூத்த மகன் வாரிசாக ஏற்கப்பட்டார். அந்த மகன் எட்டாவது பாரோனெட்டுக்குப் பிறந்தவரே அல்ல என்பது மரபணுச் சோதனையில் தெரியவந்தது. 2016 ஜூனில் பிரிட்டனின் உயர்நிலை நீதி அமைப்புகளில் ஒன்றான பிரிவி கவுன்சில் நீதிக்குழு அந்தச் சோதனையைச் சான்றாக ஏற்றது. இத்தகைய கோரிக்கைக்கு ஸ்காட்டிஷ் சட்டத்தில் காலவரம்பு இல்லை என்றும் சொன்னது. ஒதுக்கப்பட்ட இரண்டாவது மகனின் வழிக்குப் பட்டம் வந்தது.

ஆனால் வழக்கு என்று கிளம்பும் முன் பட்டம் அளித்த அரச ஆவணத்தின் வாசகத்தைப் பாருங்கள். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான். 'உடல்வழி ஆண் வாரிசுகள்' என்றிருந்தால் பட்டத்தை முதலில் பெற்றவரின் நேர் ஆண்வழி மட்டுமே. வெறுமனே 'ஆண் வாரிசுகள்' என்றிருந்தால் தூரத்துப் பங்காளிக்கும் வழி திறக்கலாம். பெண்வழி அனுமதிக்கப்பட்ட ஸ்காட்டிஷ் பட்டத்தில், மகன் இல்லையென்றால் மூத்த மகளுக்கே பட்டம். இங்கிலாந்தில் போல சகோதரிகளுக்கிடையே பட்டம் முடங்கிக் கிடக்காது. மகன் இருந்தால், வயதில் இளையவனாக இருந்தாலும், அவன்தான் முந்துவான். ஆண் முன்னுரிமையை நீக்கிய 2013ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது அரியணை வாரிசு முறையை மட்டுமே. பட்டங்களை அது தொடவில்லை.

"உங்கள் கொள்ளுத்தாத்தாவின் திருமணம் எந்தப் பதிவிலும் இல்லை, ஆகவே வாரிசு இல்லை" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். 1940 ஜூலைக்கு முன்பு ஸ்காட்லாந்தில் சாட்சிகளோ சடங்கோ இல்லாமல், பரஸ்பரச் சம்மதத்தைச் சொன்னாலே திருமணம் செல்லும். பிள்ளை பிறந்த பிறகு பெற்றோர் மணந்துகொண்டாலும் ஸ்காட்டிஷ் பட்டத்துக்கு அது தடை ஆகாது. மணத்துக்குப் பிறகே பிள்ளை பிறந்திருக்க வேண்டும் என்ற இங்கிலாந்து விதியை ஒப்பித்தே எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் கடைசிவரை மணக்கவில்லை என்றாலோ, பிள்ளை தத்தெடுக்கப்பட்டவர் என்றாலோ பட்டம் வராது. பெற்றோர் மணந்தவர்களோ இல்லையோ, பிள்ளைகளிடையே வேற்றுமை இல்லை என்று அறிவித்த ஸ்காட்லாந்தின் 2006 சட்டமே பட்டங்களை மட்டும் விட்டுவைத்துவிட்டது. எனக்கு இது பொறுக்கவில்லை, ஆனாலும் இன்றைய நிலை இதுதான்.

அடுத்தது அலைச்சல். எடின்பரோவில் இருக்கும் லார்ட் லயன் அலுவலகத்தின் வேலை குலச்சின்னங்கள், குலத்தலைமை. பாரோனெட்டுகளின் அதிகாரபூர்வப் பதிவேடோ லண்டனில் இருக்கிறது. அதில் பெயர் ஏறாதவரை எந்த அரசு ஆவணமும் உங்களைப் பட்டத்தோடு அழைக்காது. ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டினால் எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

குடும்ப வேதாகமத்தில் எழுதிய பெயர்களையோ இணையத்தில் எடுத்த வம்ச வரைபடத்தையோ மட்டும் நம்பிப் போகாதீர்கள். 1855 முதல் அரசுப் பதிவு உண்டு. அதற்கு முந்தையவற்றைத் திருச்சபைப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். சான்றளிக்கப்பட்ட நகல்களை வாங்குங்கள். நீங்கள் பிறந்ததை நிரூபித்தால் போதாது. உங்களுக்கு மூத்த கிளை ஒவ்வொன்றும் வாரிசின்றி முடிந்ததையும் நீங்களே காட்ட வேண்டும். கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்த் தொடர்பு அறுந்த ஒரு பெரியப்பா போதும், கோரிக்கை அங்கேயே நின்றுவிடும். முதலில் அவரைத் தேடுங்கள்.

ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் பிரபு ஆகலாம் என்று விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அதில் எந்தப் பட்டமும் இல்லை. பட்டத்தோடு தோட்டமும் மாளிகையும் வரும் என்றும் எண்ண வேண்டாம். சொத்துக்கு 1964ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

ஆண்வழி முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே மரபணு மாதிரி எடுத்துவிடுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள் என்பதை எழுதி அவர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். பிரிங்கிள் வழக்கில் எதிர்த்தரப்பு கிளப்பிய ஆட்சேபங்களில் அந்த மாதிரி எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வியும் இருந்தது.