கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை

"டாக்டரம்மா, பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் கறுத்துப்போச்சு. கடலை மாவு, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தாச்சு, போகமாட்டேங்குது." குழந்தைகள் நல மருத்துவரான என்னிடம் அடிக்கடி வரும் புகார் இது. பெரும்பாலும் பாட்டிதான் சொல்வார். ஏதாவது களிம்பு எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைத்து வந்திருப்பார்கள். சில பிள்ளைகளுக்குத் தேய்த்துத் தேய்த்தே அந்த இடம் புண்ணாகியிருக்கும்.

பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக இருக்கும். அப்புறம் அக்குளையும் பார்ப்பேன், அங்கேயும் அதே கறுப்பு. பெரும்பாலும் இது உடல் பருமனின் அடையாளம். உடலில் கொழுப்பு கூடும்போது தசையும் கல்லீரலும், இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இப்படி இரத்தத்தில் மிகுந்துபோன இன்சுலின் தோல் செல்களைத் தூண்டுவதால் மடிப்புள்ள இடங்களில் தோல் தடித்துக் கறுக்கிறது. எடை கட்டுக்குள் வந்தால் கறுப்பு மெல்ல மங்கும். மாவு போட்டுத் தேய்த்தால் மங்காது.

"சுகர் டெஸ்ட் எடுத்தோமே, நார்மல்னு வந்துச்சே" என்பார்கள். வரும்தான். கணையம் கூடுதலாக உழைத்து அதை நார்மலாக வைத்திருக்கிறது. அதனால் சர்க்கரையோடு நிறுத்தாமல் இரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல் நொதி ஆகியவற்றையும் பார்க்கிறேன். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று சொன்னால் அப்பாக்கள் திகைத்துப்போகிறார்கள். அது குடிப்பவர்களுக்கு மட்டும் வருவது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். பத்து வயதிலும் வருகிறது.

எடை கூடியதற்குத் தைராய்டு காரணமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு உயரமே பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். ஹார்மோன் கோளாறால் பருமனாகும் பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குட்டையாக இருக்கும். சாப்பாட்டாலும் ஓடியாடாததாலும் எடை கூடிய பிள்ளை வகுப்பில் மற்றவர்களைவிடச் சற்று உயரமாகவே இருக்கும். நான் பார்ப்பதில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகைதான்.

"கொழுகொழுன்னு இருக்கான், கண்ணு வைக்காதீங்க" என்று சொல்லும் பாட்டிகளிடம் எனக்குக் கோபமில்லை. பஞ்சத்தையும் ரேஷன் வரிசையையும் பார்த்த தலைமுறை அது. ஆனால் நம் உடல்வாகு வேறு. புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5 கிலோ. எடையில் இத்தனை வித்தியாசம் இருந்தும் முதுகுத் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தசை குறைவு, எடையோடு ஒப்பிட்டால் கொழுப்பு கூடுதல் என்றே பிறக்கிறோம். இந்திய குழந்தை மருத்துவக் கழகத்தின் 2015 வளர்ச்சி வரைபடம் எடை வரம்பைக் கீழே இறக்கி வைத்திருப்பது இதனால்தான்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் "இட்லி, தோசைதான்" என்பார்கள். ஒரு நாளை மணி வாரியாகச் சொல்லச் சொன்னால்தான் மற்றதெல்லாம் வெளியே வரும். காலையில் வேன் வருவதற்குள் ஒரு டம்ளர் பாலில் சத்துப் பொடி, மேலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பிரேக்கில் கிரீம் பிஸ்கட். டியூஷனுக்குப் போகும் வழியில் பேக்கரியில் பப்ஸும் பாட்டில் ஜூஸும். இரவு ஒன்பதரைக்கு, கையில் போனோடு நான்கு தோசை. படுக்கப் பதினொன்று. பள்ளி வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும், தூக்கம் குறைந்தால் பசி கூடும். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது பெருமை என்று நினைக்கும் பள்ளிகள்மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்தச் சத்துப் பொடி டப்பாவைத் திருப்பி, 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியைப் படியுங்கள். 2024 ஏப்ரலில் மத்திய அரசே இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கும்படி ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020லேயே விதி வந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு எந்தப் பள்ளி வாசலிலாவது நின்று பாருங்கள்.

எடை மெஷினில் ஏறச் சொன்னால் செருப்பைக் கழற்றி, அடையாள அட்டையைக் கழற்றி, வாட்சையும் கழற்றி வைத்துவிட்டு ஏறும் பெண் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வகுப்பில் என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. வீட்டிலும் "தின்னுக்கிட்டே இரு" என்று திட்டு விழுந்தால், அந்தப் பிள்ளை ஒளித்துவைத்துச் சாப்பிடப் பழகிவிடும். அவளுக்கு மட்டும் சப்பாத்தி, தம்பிக்குச் சிப்ஸ் என்ற ஏற்பாடு ஒரு வாரம்கூட ஓடாது. வாங்கி வைக்காமல் இருப்பது, இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவருவது, சாயங்காலம் சுண்டலோ வேகவைத்த கடலையோ வைப்பது, தினம் ஒரு மணி நேரம் தெருவிலோ மாடியிலோ விளையாட விடுவது எல்லாம் வீடு மொத்தத்துக்கும் சேர்த்துத்தான்.

எடையைக் குறைக்கப் பட்டினி போட வேண்டாம். 135 செ.மீ. உயரம், 45 கிலோ இருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையின் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 24.7. ஒரு வருடத்தில் ஐந்தரை செ.மீ. வளர்ந்து, எடை அதே 45 கிலோவில் நின்றாலே அது 22.8 ஆகிவிடும். வளரும் பிள்ளைக்கு உயரமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, அதை இரண்டாக மடித்து, தொப்புளை ஒட்டி இடுப்பைச் சுற்றுங்கள். இரண்டு முனையும் சேரவில்லை என்றால், கழுத்து கறுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது பிறந்த எடை எழுதிய தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள், வீட்டில் யாருக்கெல்லாம் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.