73 புள்ளியில் தோற்ற அணி கோப்பையைத் தொட்ட கதை

2021 டிசம்பர் 2-ஆம் தேதி மெம்ஃபிஸ் நகரில் நடந்த, அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் கூடைப்பந்து ஆட்டத்தில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 152–79 என்று தோற்றது. 73 புள்ளி வித்தியாசம். என்.பி.ஏ.வில் அதுவரை எந்த அணியும் இவ்வளவு மோசமாகத் தோற்றதில்லை. முக்கிய ஆட்டக்காரரான ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் அன்று ஆடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் ஆடிய நாட்களிலும் அணி பெரிதாக ஜெயித்துவிடவில்லை. 82 ஆட்டங்கள் கொண்ட அந்த சீசன் முழுக்க 24 வெற்றிதான்.

மூன்றரை ஆண்டு கழித்து, 2025 ஜூன் 22 அன்று, இதே தண்டர் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இண்டியானா பேசர்ஸை 103–91 என்று வென்று சாம்பியன் ஆனது. இந்த மாற்றத்தின் பெரும்பகுதி, சீசன் முடிந்த பின் வரும் ஜூன் பிற்பகுதி, ஜூலை மாதங்களில் நடந்தது. ஆட்டத்தை ரசிக்கிறவர்களில் பலர் இந்த மாதங்களைக் கண்டுகொள்வதில்லை. எனக்கோ சீசனைவிட இந்த இடைவெளிதான் சுவாரசியம். ஒரு அணி தன் நிகழ்காலத்தை விற்று எதிர்காலத்தை வாங்குவதும், எதிர்காலத்தை அடகு வைத்து நிகழ்காலத்தை வாங்குவதும் இந்த மாதங்களில்தான்.

முதலில் ஒரு கேள்வி. ஒரே ஒரு ஆள் வந்துபோவதால் ஒரு அணி இவ்வளவு மாறுமா? கூடைப்பந்தில் மாறும். களத்தில் ஒரு பக்கம் ஐந்து பேர்தான். ஆட்டம் 48 நிமிடம்; நல்ல ஆட்டக்காரர் அதில் சுமார் 36 நிமிடம், அதாவது முக்கால்வாசி நேரம், உள்ளேயே இருப்பார். தாக்குதலிலும் தடுப்பிலும் அவர் கை இருக்கும். கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் அவுட் ஆனால் அந்த இன்னிங்ஸில் அவர் கதை முடிந்தது. இங்கே ஒரு நட்சத்திரத்தை அப்படி எளிதில் விரட்டி அனுப்ப முடியாது.

இதை எண்ணில் பார்க்கலாம். ஒரு சீசனில் அணியின் சராசரிப் புள்ளி வித்தியாசம் சைபர் என்றால் ஏறக்குறைய 41 வெற்றி, 41 தோல்வி. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி கூடினால் சுமார் இரண்டரை வெற்றி கூடும் என்பது நெடுநாளாகப் பயன்படும் தோராயக் கணக்கு. ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் கிட்டத்தட்ட 100 முறை பந்து கைக்கு வருகிறது. அந்த 100 முறையில் சராசரி ஆளைவிட 4 புள்ளி கூடுதல் பலன் தரும் ஒருவர் முக்கால்வாசி நேரம் ஆடினால் 3 புள்ளி. 3 புள்ளி என்றால் ஏழெட்டு வெற்றி. நடுத்தர அணி ஒன்று பிளே-ஆஃப் அணியாக மாற அது போதும்.

அந்த '4 புள்ளி'யை எப்படி அளக்கிறார்கள்? ஒருவர் களத்தில் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஸ்கோர் எப்படி நகர்கிறது என்று பார்க்கிறார்கள். ஆனால் நல்ல கூட்டாளிகளோடு ஆடுகிறவர் சும்மா நின்றாலும் அவர் கணக்கில் லாபம் ஏறும். அதனால் உடன் ஆடிய நால்வர், எதிரே ஆடிய ஐவர் என்று ஆயிரக்கணக்கான சேர்க்கைகளையும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பாக எழுதி, ஒவ்வொருவரின் பங்கையும் கணினியில் பிரித்தெடுக்கிறார்கள். பிழை இல்லாத முறை அல்ல. ஆனால் வெறும் கூடை எண்ணிக்கையைவிட எவ்வளவோ மேல்.

சரி, அப்படிப்பட்ட ஆளைப் பணம் கொடுத்து வாங்கிவிட வேண்டியதுதானே? அங்கேதான் என்.பி.ஏ. தடை போடுகிறது. சேலரி கேப் எனும் சம்பள வரம்பு 2024-25 சீசனில் சுமார் 14.06 கோடி டாலர். இது கறாரான சுவர் அல்ல, தாண்டலாம். தாண்டிப் போகப் போக வரியும் கட்டுப்பாடும் கூடிக்கொண்டே வரும். வரம்பைத் தாண்டிய அணி டிரேட் செய்தால், அதாவது இன்னொரு அணியோடு ஆட்களை மாற்றிக்கொண்டால், அனுப்பும் ஆட்களின் சம்பளமும் பெறும் ஆட்களின் சம்பளமும் ஓரளவு ஒத்துப்போக வேண்டும். 2023-இல் வந்த புதிய ஒப்பந்தம் இன்னும் கடுமை: மிக உயர்ந்த வரம்பைத் தாண்டும் அணி, இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டிக்காட்டி ஒரு பெரிய ஆளைப் பெறவே முடியாது.

ஆக, மிஞ்சுவது டிராஃப்ட். ஒவ்வொரு ஜூனிலும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு அது. ஐபிஎல் ஏலத்தில் போல விலை கேட்கும் பேச்சே இல்லை. யாருக்கு எந்த இடம் என்பதுதான் எல்லாம். அந்த இடத்துக்குப் பெயர் 'பிக்'. தோற்ற அணிகளுக்கு முன்னிடம். ஆனால் கடைசி இடத்துக்காகவே தோற்றுக் கிடப்பார்களே என்று, பிளே-ஆஃப் வராத 14 அணிகளுக்குக் குலுக்கல் வைக்கிறார்கள். 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளில் நான்கை எடுத்தால் 1001 சேர்க்கை சாத்தியம். ஒன்றை ஒதுக்கிவிட்டு 1000 சேர்க்கைகளைப் பங்கிடுகிறார்கள். முன்பு ஆகக் கடைசி அணிக்கு 250 கிடைத்தது. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 140. அதாவது 14 சதவீதம். 2025-இல் வெறும் 1.8 சதவீத வாய்ப்பில் இருந்த டல்லாஸ் மேவரிக்ஸுக்கு முதலிடம் விழுந்து, அந்த ஆண்டின் முதல் தேர்வான கூப்பர் ஃபிளாக் அங்கே போனார்.

முதலிடம் கிடைத்தாலும் ஆள் சரியாக அமைய வேண்டும். 2013-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட ஆன்டனி பென்னெட் சில ஆண்டுகளிலேயே லீக்கை விட்டுப் போனார். அதே ஆண்டு 15-ஆவதாக வந்த யானிஸ் அன்டெடோகும்போ இரண்டு முறை எம்.வி.பி., அதாவது சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர், ஆனார். பின்னாளில் பெரும் நட்சத்திரமான நிக்கோலா யோகிச் 2014-இல் 41-ஆவது. பத்தொன்பது வயதுப் பையன் இருபத்தைந்தில் எப்படி ஆடுவான் என்று சொல்வது கடினம். ஆகவே ஒரே ஒரு பிக்கை நம்பி உட்காருவதைவிடப் பலவற்றைச் சேர்ப்பதில் கணித நியாயம் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு பிக்கும் நட்சத்திரம் தர பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஏழு பிக் இருந்தால், ஏழும் வீணாகும் வாய்ப்பு 0.9-இன் ஏழாம் அடுக்கு, அதாவது 48 சதவீதம். ஒருவராவது தேறுவதற்கு 52 சதவீதம்.

இனி 2019 ஜூலைக்குப் போவோம். லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணி காவாய் லெனார்டைச் சேர்க்க முயன்றது. அவரோ இன்னொரு பெரிய ஆட்டக்காரர் உடன் வேண்டும் என்றார். தண்டரின் பால் ஜார்ஜ் அதற்குப் பொருத்தம். ஜார்ஜைக் கொடுக்க தண்டரின் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி கேட்ட விலை பெரியது: ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், டனிலோ கல்லினாரி, டிராஃப்டின் முதல் சுற்று பிக் ஐந்து, மேலும் இரண்டு ஆண்டுகளில் பிக் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை. கிளிப்பர்ஸுக்கு அது இரண்டு நட்சத்திரங்களுக்கான விலை, தந்தார்கள்.

இந்த ஒப்பந்தத்தின் உடற்கூறைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கல்லினாரி எதற்கு? ஜார்ஜின் சம்பளம் சுமார் 3.3 கோடி டாலர். ஷேயுடையது அதில் எட்டில் ஒரு பங்குதான். கல்லினாரியின் 2.26 கோடி சேராமல் தராசு சமன்படாது. அப்புறம் பிக்குகள். கிளிப்பர்ஸ் தன் சொந்த முதல் சுற்று பிக்குகளில் கொடுத்தவை 2022, 2024, 2026 ஆண்டுகளுடையவை. நடுவே ஏன் ஓட்டை? எதிர்வரும் இரண்டு தொடர் ஆண்டுகளில் ஓர் அணி முதல் சுற்று பிக்கே இல்லாமல் நிற்கும்படி டிரேட் செய்யக்கூடாது என்று ஒரு விதி உண்டு. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணி உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரிக் கொடுத்து அணியை வெறுமையாக்கியதால் வந்த விதி, அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் இடம் மாற்றும் உரிமையை விதி தடுக்கவில்லை. 'உன் இடம் என்னுடையதைவிட நல்லதாக இருந்தால் மாற்றிக்கொள்வேன்' என்றால், உன் கையில் ஏதோ ஒரு பிக் இருக்கத்தான் செய்யும். அதனால் 2023-க்கும் 2025-க்கும் மாற்று உரிமை. விதியின் வடிவம் அப்படியே ஒப்பந்தத்தில் பதிந்திருக்கிறது. மீதி இரண்டு பிக், கிளிப்பர்ஸ் கையில் இருந்த மயாமி அணியுடையவை.

பிறர் அணியின் எதிர்கால பிக்கை வாங்குவது என்பது அவர்களுடைய உடல்நலத்தின் மீதும் வயதின் மீதும் பணயம் வைப்பது. 2021 பிளே-ஆஃபில் லெனார்டின் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஜார்ஜ் தலைமையில் கிளிப்பர்ஸ் வரலாற்றில் முதன்முறையாக மாநாட்டு இறுதிவரை, அதாவது லீக்கின் தங்கள் பாதியின் இறுதிவரை, போனார்கள். அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. அந்த ரசிகர்கள் அதற்காக ஐம்பது ஆண்டு காத்திருந்தார்கள். ஆனால் அடுத்த சீசன் முழுக்க லெனார்ட் இல்லை. 42 வெற்றி, 40 தோல்வி, பிளே-ஆஃப் கைநழுவியது. அதனால் தண்டருக்குப் போன 2022 பிக் 12-ஆவது இடத்தில் விழுந்தது. அதில் எடுத்த பையன் ஜேலன் வில்லியம்ஸ். 2025 இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்தவர் அவர்தான்.

பாஸ்டன் செல்டிக்ஸ் இதே பணயத்தை முன்பே வைத்தது. 2013-இல் 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் புரூக்ளின் அணிக்குக் கொடுத்து அவர்களின் வருங்கால பிக்குகளை வாங்கியது. முதியவர்கள் ஓய்ந்ததும் புரூக்ளின் சரிந்தது; அந்தச் சரிவிலிருந்து பாஸ்டனுக்கு ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள், 2024 கோப்பையும் வந்தது.

தண்டர் தானும் தோற்று இடம் சேர்த்தது. 2020-21-இல் 72 ஆட்டங்களில் 22 வெற்றி, அடுத்து அந்த 24. அதன் பலன் 2022-இல் இரண்டாவது பிக், செட் ஹோம்கிரன். அவர் அந்த ஆகஸ்டிலேயே பாதத்தில் காயம்பட்டு முதல் சீசன் முழுவதையும் இழந்தார். இந்தக் காலங்களில் அரங்குக்குப் போய் ஆதரித்த ஓக்லஹோமா ரசிகர்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. வரிசையில் முன்னே போகத் தோற்றுக்கிடக்கும் இந்த வழி முறையானதா என்றால், என் மனம் முழுதாக ஒப்பவில்லை. வாய்ப்பை 25-இலிருந்து 14 சதவீதமாக லீக் குறைத்தது சரி என்றே படுகிறது.

பிக்கின் இன்னொரு மதிப்பு சம்பளத்தில் இருக்கிறது. முதல் சுற்றில் வரும் ஆட்டக்காரரின் முதல் நான்கு ஆண்டுச் சம்பளம் அட்டவணைப்படிதான். லீக்கின் மிகச் சிறந்த 15 பேரில் ஒருவராகத் தேர்வான 2024-25 சீசனில் ஜேலன் வில்லியம்ஸ் வாங்கியது சுமார் 48 லட்சம் டாலர். ஷே வாங்கியது சுமார் 3.59 கோடி. வித்தியாசத்தில் மிஞ்சிய இடத்தில்தான் தண்டர் 2024 ஜூலையில் ஏழடி உயர ஐசையா ஹார்டன்ஸ்டைனை மூன்று ஆண்டுக்கு 8.7 கோடிக்கு எடுத்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்த டிரேட் எனக்கு மிகவும் பிடித்தது. ஜாஷ் கிடி, 2021-இன் ஆறாவது பிக், 21 வயது. அவரைச் சிகாகோவுக்கு அனுப்பி முப்பது வயது அலெக்ஸ் கருசோவை வாங்கினார்கள். ஒரு பிக்கைக்கூடச் சேர்த்துக் கேட்கவில்லை. இளமையைக் கொடுத்து வயதை வாங்குவதா? ஆனால் 2024 பிளே-ஆஃபில் டல்லாஸ், கிடியைத் தொலைவிலிருந்து எறிய விட்டுவிட்டு, அவரைக் காக்க வேண்டிய ஆளை மற்றவர்கள் மீது ஏவியது. நல்ல ஆட்டக்காரர்தான், இந்த ஐவரோடு பொருந்தவில்லை. கருசோ தடுப்பாட்டக்காரர். 2025-இல் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், தன்னைவிட அரையடி உயரமான யோகிச்சை முன்நின்று மறித்தார்.

தண்டரின் சராசரிப் புள்ளி வித்தியாசம் 2023-24-இல் இருந்த 7.4-இலிருந்து 2024-25-இல் 12.9 ஆனது. இரண்டரை வெற்றிக் கணக்குப்படி முந்தைய சீசனின் 57 வெற்றி 71-ஐத் தொட வேண்டும், கிடைத்தது 68. உச்சத்துக்கு அருகே கோடு வளைந்துவிடும், 30 புள்ளியில் ஜெயித்தாலும் அது ஒரே வெற்றிதான். இந்த உயர்வு முழுவதையும் இரண்டு புதியவர்கள் கணக்கில் எழுதவும் முடியாது. இளைஞர்களுக்கு ஒரு வயது கூடியது, அதுவும் ஒரு வரவு.

இப்போது கணக்கு மறுபக்கம் திரும்புகிறது. 2025 ஜூலையில் ஷே, ஹோம்கிரன், வில்லியம்ஸ் மூவரும் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். ஷேயுடையது மட்டும் நான்கு ஆண்டுக்கு 28.5 கோடி டாலர். மற்ற இருவரின் பெரிய சம்பளம் 2026-27 சீசனில் தொடங்குகிறது. மலிவான இளம் ஆள் அணிக்கு மறுபடி தேவைப்படும் நேரம். ஜார்ஜுக்காகக் கிளிப்பர்ஸ் கொடுத்த பிக்குகளில் கடைசியானது 2026-ஆம் ஆண்டுக்கு உரியது. அந்த டிராஃப்டுக்கு உரிய பையன்களில் பலருக்கு, 2019-இல் அந்தக் காகிதம் கையெழுத்தானபோது பன்னிரண்டு, பதின்மூன்று வயது.